ஏர் பிஸ்டலுக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: சார், எனக்கு 48 வயசு, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறேன். ப்ரோக்ரஸிவ் கண்ணாடில (மேல தூரத்துக்கு, கீழ கிட்டத்துக்குன்னு பவர் மாறிட்டே போற கண்ணாடி) முன் சைட் (பிஸ்டல் நுனியில குறி பாக்குற முனை) மங்கலா தெரியுது, தலைய தூக்கினாதான் தெளிவாகுது, கழுத்து வலிக்குது. என்ன பண்ணலாம்?

பதில்: அந்தக் கண்ணாடிய ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. தெளிவா தெரிய வேண்டியது முன் சைட்டோட விளிம்பும் பின் சைட்டோட பள்ளத்துல அதுக்கு ரெண்டு பக்கமும் தெரியுற வெளிச்சமும்தான், டார்கெட்டோட கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலா இருந்தா பரவாயில்ல, சொல்லப்போனா அப்படித்தான் இருக்கணும். அதனால சுடுற கண்ணுக்கு ஒரே பவர் லென்ஸ், உங்க தூரப்பார்வை பவரோட +0.50 இல்லன்னா +0.75 கூட்டி, முதல்ல ட்ரையல் லென்ஸ மாட்டி கைய நீட்டிப் பாத்துட்டு அப்புறமா ஆர்டர் குடுங்க. நீங்க சுட நிக்கிற நிலையில பார்வை லென்ஸ் நடுவுல போகணும், மூக்கோரமா போனா எந்தப் பவரும் வீண்தான். அடுத்த கண்ண இறுக்கி மூடாதீங்க, சின்ன வெள்ளை மறைப்பு போதும்.