சிறுகுறிஞ்சானை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: சிறுகுறிஞ்சான் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்று ஆய்வுகளே நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மாத்திரைக்குப் பதிலாக அதன் பொடியை உண்ணலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஆய்வு நடந்தது உண்மை; நிரூபணம் என்பது மிகை. சென்னையில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, வழக்கமான மாத்திரைகளோடு இவ்விலையிலிருந்து பிரித்தெடுத்த சாரம் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை தரப்பட்டது. சர்க்கரை அளவு குறைந்தது. ஐவரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆனால் யாருக்குச் சாரம், யாருக்கு மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, அதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து ஒப்பிடும் சோதனையாக அது அமையவில்லை என்பதால், அந்தப் பலனில் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் தொடர் கண்காணிப்புக்கும் எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

இந்த மூலிகையில் அப்படி மறைப்பதும் எளிதன்று. இலையை மென்றால் சிறிது நேரத்துக்கு நாவில் இனிப்பே உறைக்காது. தமக்குக் கிடைத்தது எது என்று நோயாளி உடனே கண்டுகொள்வார். (நம் பாட்டிமார் அறிந்த விளையாட்டுத்தான் இது!) ஆகவே சோதனையில் அதை நாவில் படாதபடி உறைக்குள் (கேப்ஸ்யூல்) அடைத்தே தர வேண்டும். கடைப் பொடிகளிலோ மருந்துச் சத்தின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டையும் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். பொடி உண்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.