ஃப்ளாஷின் குத்தில் எத்தனை மலம்புழா?

கே: கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கல்லூரி போகிறோம். பஸ்ஸில் தினமும் ஒரே தகராறு, அதிவேகமாக ஓடும் காமிக்ஸ் நாயகன் ஃப்ளாஷின் ‘இன்ஃபினிட் மாஸ் பஞ்ச்’ (முடிவிலி நிறைக் குத்து) பற்றி. ‘ஒரு குத்தில் பூமியே தூள்’ என்கிறது ஒரு கட்சி. ‘அடி வாங்கியவனே சாகவில்லை, பூமி எங்கே உடையும்?’ என்கிறது இன்னொரு கட்சி. கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

ப: தாராளமாகப் போடலாம். கதையில் இருப்பது இவ்வளவுதான்: 1997-ல் வந்த ஜஸ்டிஸ் லீக் கதையில் ஃப்ளாஷாக வரும் வாலி வெஸ்ட் ஒளிவேகத்துக்குச் சற்றே குறைவாக ஓடிவந்து ஸும் என்ற எதிரியைக் குத்துகிறார். அந்தக் குத்தை வெள்ளைக் குள்ளன் விண்மீனோடு ஒப்பிடுகிறது வசனம். ஸும் சுருண்டு விழுகிறான், பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த விவாதத்தில் எல்லோரும் சறுக்கும் முதல் இடம், இயக்க ஆற்றலுக்குப் பள்ளியில் படித்த ‘அரை எம் வி ஸ்கொயர்’ சூத்திரம். ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் அது செல்லாது. சரியான வழி இது. வேகம் ஒளிவேகத்தில் 0.99 பங்கு என்று வையுங்கள். அதை வர்க்கப்படுத்தினால் 0.9801. ஒன்றிலிருந்து கழித்தால் 0.0199. வர்க்கமூலம் 0.141. ஒன்றை அதால் வகுத்தால் 7.09. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 6.09. இதை நிறையாலும் ஒளிவேகத்தின் வர்க்கத்தாலும் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். பள்ளிச் சூத்திரம் 6.09 வர வேண்டிய இடத்தில் 0.49-தான் தரும். பன்னிரண்டு மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது!

இரண்டாவது சறுக்கல் நிறையில். ‘கைதானே குத்துகிறது’ என்று முழங்கைக்குக் கீழே உள்ள 1.6 கிலோவை மட்டும் எடுத்தால் சுமார் 210 மெகா டன் வரும் (ஒரு மெகா டன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்). 1961-ல் சோவியத் யூனியன் வெடித்த ஜார் பாம்பா என்ற ஹைட்ரஜன் குண்டு 50 மெகா டன், அதில் நான்கு. ஆனால் ஓடி வருவது கை மட்டுமில்லையே, ஆள் முழுசாக வருகிறார். 80 கிலோ என்று எடுத்தால் சுமார் 10,500 மெகா டன், 210 ஜார் பாம்பா. ஒரே குத்துக்கு இரண்டு விடை வருவது இப்படித்தான். பஸ்ஸில் பேச்சைத் தொடங்கும் முன்பே, எவ்வளவு கிலோ, வேகத்தில் புள்ளிக்குப் பிறகு எத்தனை ஒன்பது (0.99-இல் இரண்டு) என்று இரு கட்சியும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். மலம்புழா அணை ஏறத்தாழ 23 கோடி கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். அவ்வளவையும் 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கத் தேவைப்படுவது சுமார் 140 மெகா டன். கைக் கணக்கில் ஒன்றரை மலம்புழா, ஆள் கணக்கில் 75 மலம்புழா. 0.99 வேகத்துக்கே இந்தக் கதி.

அப்படியானால் பூமி உடையுமா? உடையாது. பூமியைத் தன் ஈர்ப்பிலிருந்து பிய்த்து முற்றாகச் சிதறடிக்க 2.5-ஐ 32 முறை பத்தால் பெருக்கிய அளவு ஜூல் வேண்டும். 0.99-இல் குத்தினால் 4.4-ஐ 19 முறை பத்தால் பெருக்கிய ஜூல்தான் வரும். ஒளிவேகத்துக்கு நெருங்க நெருங்க, இரண்டு ஒன்பது கூடினால் ஆற்றல் பத்து மடங்கு ஏறும். பூமியைத் தூளாக்க, புள்ளிக்குப் பிறகு ஏறத்தாழ 27 ஒன்பது வேண்டும். ‘ஒளிவேகத்துக்குச் சற்றுக் குறைவு’ என்ற வசனத்துக்குள் இரண்டு ஒன்பதும் அடங்கும், இருபத்தேழும் அடங்கும். வெள்ளைக் குள்ளனின் நிறை சூரியனின் நிறைக்கு ஒப்பானது. வசனத்தை அப்படியே பிடித்துக்கொண்டு அவ்வளவு நிறையையும் குத்துக்குள் ஏற்றினால், பூமியை உடைக்கத் தேவையானதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வரும். அடுத்த பக்கத்தைப் புரட்டப் பூமியே இருக்காது. ஆகவே வசனம் மிகை. காட்டியிருப்பதை நம்புங்கள், சொல்லியிருப்பதைத் தள்ளி வையுங்கள் என்பதே என் கட்சி. ‘முடிவிலி நிறை’ என்பதும் அப்படித்தான். அது ஒளிவேகத்தைத் தொட்டால் மட்டுமே; நிறையுள்ள எதுவும் தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் காற்று. மார்பு அகலத்தோடு 100 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 80 கிலோ காற்றை முட்டித் தள்ள வேண்டும், அதாவது தன் எடை அளவு. குத்து எதிரியைத் தொடும் முன்பே வழியெல்லாம் வெடித்துப் போயிருக்கும், வேகமும் பறிபோயிருக்கும். தரையும் உதவாது: வினாடிக்கு 7.9 கிலோமீட்டரைத் தாண்டினாலே கால் மண்ணில் பாவாது, 11.2-ஐத் தாண்டினால் பூமியை விட்டே போய்விடுவார். ஃப்ளாஷுக்கு வேகம் தரும் ‘ஸ்பீடு ஃபோர்ஸ்’ என்ற கற்பனைச் சக்தியைக் கதாசிரியர்கள் கொண்டுவந்தது இந்த ஓட்டைகளையும் சேர்த்து அடைக்கத்தான். அதை ஒப்புக்கொண்டுதான் வாதாட வேண்டும். அது இல்லாமல் குத்தே இல்லை.

கே: சூப்பர்மேன் உடம்பில் உள்ள சூரிய சக்தி முழுவதையும் ஒரே மூச்சில் வெளியே விடும் ‘சோலார் ஃப்ளேர்’, ஃப்ளாஷின் குத்தைவிடப் பெரியதா?
– வாசகி, கோவிந்தாபுரம்

ப: 2015-ல் வந்த புது வித்தை அது. விட்ட பிறகு ஒரு நாள் போலச் சாதாரண மனிதராக இருக்க வேண்டும் என்பதே அதன் விலை. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட். உடம்பில் வெயில் படும் பரப்பை 0.8 சதுர மீட்டர் என்று வைத்து, 30 ஆண்டுகள் தினமும் 12 மணி நேரம் ஒன்றும் செலவழிக்காமல் சேமித்தாலும் 90 டன் டி.என்.டி.தான் தேறும். ஹிரோஷிமா குண்டு 15,000 டன். வெயில் கணக்கு மட்டும் என்றால் சூப்பர்மேன் ஒரு கடைத்தெருவைத் தரைமட்டமாக்குவார், அவ்வளவே. அவருக்குச் சாதகமாகப் பேச வேண்டுமானால், வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தரும் உடம்பு அது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: எங்கள் இரும்புக்கை மாயாவியை விட்டுவிட்டீர்களே! ப்ளக்கில் விரல் விட்டு எடுத்த மின்சாரத்தை எதிரி மேல் பாய்ச்சினால் ஃப்ளாஷுக்கு ஈடாகாதா?
– வாசகர், மீனாட்சிபுரம்

ப: 1972-ல் முத்து காமிக்ஸ் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. அவர் ஆங்கிலேயர், அவர் காலத்தில் அந்த ஊர் 240 வோல்ட், 13 ஆம்பியர் ப்ளக் தந்தது வினாடிக்கு 3,120 ஜூல். ஃப்ளாஷின் முழு ஆள் குத்துக்குச் சமமாக்க ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகள் விரலை எடுக்காமல் நிற்க வேண்டும். ஆனால் ஆளைக் கொல்ல அவ்வளவு எதற்கு? இதயம் வழியாகப் பத்தில் ஒரு ஆம்பியர் போனால், ஓரிரு வினாடியில் துடிப்புத் தாறுமாறாகிவிடும். ஸும் போன்ற கல்லுடம்புக்காரனிடம் மாயாவி பலிக்கமாட்டார். சாதாரண எதிரிக்கு அவர் விரல் ஒன்றே போதும். அதிலும் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். யார் தொட்டது என்றே எதிரிக்குத் தெரியாது.