சிஸ்டரிடம் கேளுங்கள்: மனநோயோடு வாழ்பவருக்குத் துணையாக இருக்க...

மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும் சிஸ்டர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். மனநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லம் ஒன்றில் வாரம் ஒருநாள் உதவலாம் என்று ஆசை. உளவியல் படித்ததில்லை. என்னால் அங்கே என்ன பயன், சிஸ்டர்?

நோயைக் கணிக்கவும் மருந்து கொடுக்கவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஐயா. தன்னைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வருவதுதான் அங்கே அபூர்வம். நோய் வருடக்கணக்கில் நீளும்போது நண்பர்கள் ஒவ்வொருவராக நின்றுபோகிறார்கள். மிச்சம் இருப்பவர்களும் "மாத்திரை போட்டாச்சா, தூங்கினீங்களா" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் போய் வேறு எதையாவது கேளுங்கள். அவர் எந்த ஊர்ப் பள்ளியில் படித்தார், கணக்கு பிடிக்குமா என்று கேளுங்கள்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006-ல் 14 பாட்டிமார்களோடு ஒரு வேலையைத் தொடங்கினார். பாட்டி ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மனச்சோர்வோடு வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், அவ்வளவுதான். 2016-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அந்த பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் பாட்டிகளை வெறுமனே உட்கார வைத்துவிடவில்லை. முறையான பயிற்சி கொடுத்தார்கள். சிக்கலானவர்களை அனுப்பிவைக்க மேலே ஆள் இருந்தது. அதனால் நீங்களும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "என் கையை மீறி ஏதாவது போனால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்?" இதற்குச் சட்டென்று ஒரு பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் சேர வேண்டாம்.

சரி, போய் என்ன செய்வது? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு "சொல்லுங்க" என்கிறார்கள். பாதிப்பேருக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். அதைவிட, சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். எங்கள் வார்டில் யாரோடும் பேசாத ஒரு அம்மா இருந்தார். துவைத்துக் காய்ந்த போர்வைகளை நானும் அவரும் மடிப்போம். இரண்டு முனை என் கையில், இரண்டு முனை அவர் கையில். நடுவே வந்து முனையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். பல நாள் இப்படியே போனது. ஒருநாள், "உங்க பக்கம் கோணலா இருக்கு" என்றார். நான் சரிசெய்தேன். அடுத்த போர்வைக்கும் ஏதோ சொன்னார். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

நியூயார்க்கில் 1948-ல் தொடங்கிய ஃபவுன்டன் ஹவுஸ் இந்த வழியில்தான் நடக்கிறது. மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடியதில் பிறந்த இடம் அது. அங்கே உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து சமைக்கிறார்கள், அலுவலக வேலை பார்க்கிறார்கள்.

ஆசிரியராக இருந்தவர் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். நினைப்பும் நிஜமும் குழம்பிப்போகும் மனச்சிதைவு நோய் உள்ள பலருக்கு எதிலும் நாட்டம் இல்லாமல் போகும். எழுந்து குளிப்பதே மலையாகத் தெரியும். அதுவும் நோயின் ஒரு பகுதி. "முயற்சி பண்ணினா முடியும்" என்று பாடம் எடுக்காதீர்கள். அப்புறம், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொன்னால் அதே நாளில் அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். உங்களுக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

நான் பார்க்கப் போகும் ஒருவர், டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைத்தான் திட்டுகிறார் என்கிறார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

இரண்டும் வேண்டாம். "அதெல்லாம் இல்லை" என்று வாதாடினால், இவரும் எதிராளியோடு சேர்ந்துவிட்டார் என்று தோன்றும். "ஆமாம்" என்றால் அவருடைய பயத்துக்கு நீங்கள் சாட்சி சொன்னதாகிவிடும். நான் சொல்வது இப்படி: "எனக்கு அது கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, அது உங்களை வாட்டுகிறது என்று தெரிகிறது. டிவியை அணைக்கட்டுமா? கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?" அந்தப் பயம் நிஜம். அந்தப் பயத்தோடு பேசுங்கள்.

இப்படிப் பிறருக்குக் கேட்காத குரல் கேட்பவர்கள் தங்களுக்கென்று சில வழிகளையும் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். சிலர் பாட்டு முணுமுணுப்பார்கள், சிலர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். வெளியே போகும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு குரலுக்குப் பதில் சொல்பவர்களும் உண்டு, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா! எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. "எது செய்தால் உங்களுக்குக் குறைகிறது?" என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லி அந்தக் குரல் கட்டளையிடுகிறது என்று சொன்னால், அன்றே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி மாணவன் நான். எனக்கு நண்பராகிவிட்ட ஒருவர், "இந்த மாத்திரையால் நாள் பூரா தூக்கம்தான், நிறுத்திடவா?" என்று கேட்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

பாவம்தான் தம்பி, அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும். உடம்பு எடை ஏறலாம், கை நடுங்கலாம், வாய் உலரலாம். சிலருக்கு ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. காலை மாற்றி மாற்றி வைப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் முற்றிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பல நேரம் அது மருந்தின் வேலை, டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு.

நிறுத்து, நிறுத்தாதே என்று நீ தீர்ப்புச் சொல்லாதே. தானாகத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் மறைக்காமல் சொல். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார். எப்போது மாத்திரை போடுகிறார், எப்போது தூக்கம் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, இதனால் எந்த வேலை கெடுகிறது என்று அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். டாக்டரின் அறைக்குள் போனதும் பலருக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். நோட்டைப் பார்த்தால் டாக்டர் வேளையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாறலாம். அவர் விரும்பினால் கூடவே போ.

"செத்துவிடலாம் போலிருக்கு, யாரிடமும் சொல்லாதீங்க" என்கிறார் ஒரு பெண். அதைப் பற்றிக் கேட்டால் நானே எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வராது என்பதை உலக சுகாதார நிறுவனமும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" என்று அந்தச் சொல்லாலேயே, குரலை உயர்த்தாமல் கேளுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பலருக்கு, கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டாரே என்று ஆறுதல்தான் வரும்.

1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் இதற்காகவே ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரை நேரில் பார்க்க வந்து காத்திருந்தவர்களோடு தன்னார்வலர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சிலேயே மனம் தேறி, பலர் அவரைப் பார்க்காமலே திரும்பினார்கள். அதனால் காது கொடுத்துக் கேட்கும் வேலையை அவர் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். காது கொடுப்பதற்கு அவ்வளவு பலம் உண்டு.

ஆனால் ரகசியம் காப்பதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், அதனால் டாக்டரிடம் சொல்லப் போகிறேன். நீங்களும் கூட இருங்கள்" என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திட்டம் வைத்திருக்கிறார் என்றால் வேறு ஆள் வரும்வரை ஒரு நிமிடம்கூட அவரைத் தனியே விடாதீர்கள்.

மனநோயாளிகளைப் பார்க்கப் போனால் அவர்கள் தாக்கிவிடுவார்கள் என்று என் கணவர் பயப்படுகிறார்.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரிடம் அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அங்கே சாதாரணக் குடும்பங்கள் மனநோய் உள்ளவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கின்றன. 1930களின் இறுதியில் 3,700-க்கும் மேற்பட்டவர்கள் அப்படி இருந்தார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடுகளில். இதைக் கணவரிடம் சொல்லுங்கள். முதல் முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலை மாற்றலாகிறது. நான் பார்த்துவந்தவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் நின்றுவிட்டால் அவருக்கு வலி குறையுமா?

குறையாது. தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம், அதனால்தான் வரவில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார். சில வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கடைசி நாள் எது என்று அவருடைய காலண்டரில் இரண்டு பேருமாகக் குறித்து வையுங்கள். கோபப்பட்டால் படட்டும், அடுத்த வாரமும் போங்கள். முடிந்தால் புதிதாக வரப்போகிறவரை ஒருமுறை அழைத்துச் சென்று, நீங்கள் பார்த்துவந்தவருக்கு எந்த விளையாட்டு பிடிக்கும், எதைப் பற்றிப் பேசினால் பிடிக்காது என்று அவர் முன்னாலேயே, அவரைக் கேட்டுக்கேட்டுச் சொல்லிக் கொடுங்கள். "அடிக்கடி போன் பண்றேன்" என்பதை நிஜமாகவே பண்ணுவீர்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள்.