பங்கு வீட்டை அடகு வைக்கும் முன்

ஆச்சி, போன வாரம் கோட்டையூரிலிருந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "மகளை மூன்றாவது தடவையும் நீட் எழுத வைக்கவா, பங்கு வீட்டை அடகு வைத்துத் தனியார் காலேஜில் சீட்டு வாங்கவா?" நீங்கள் கண்கலங்கியதால் அன்றைக்கு ஆறுதலாகப் பேசி அனுப்பிவிட்டேன். இப்போது நேராகச் சொல்கிறேன், இரண்டும் வேண்டாம்.

மலேசியாவில் இருக்கும் அம்மான் "நம்ம வீட்டில் ஒரு டாக்டர்" என்கிறார். சரி, வட்டி கட்டப்போவது அவரா? ஐந்தரை வருஷப் படிப்பு, அப்புறம் மேல்படிப்பு. வட்டிக் கணக்கை உங்கள் வீட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்காகப் பூர்வீக வீட்டைக் கடனில் தள்ளுவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

பொறியியல், பி.காம். பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். நீங்கள் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். மொட்டை மாடியில் உப்புக்கண்டம் காயப்போட்டபோது பிடித்த மூன்று ஈக்கள். ஒன்று பச்சையாக மினுங்கியது. இன்னொன்று சாம்பல் நிறம், முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம். "இது சதை ஈ. வீட்டு ஈக்கு நாலு கோடு சார்" என்றாள். மூன்றாவது மங்கலாக இருந்தது. "நிறத்தை நம்பக் கூடாது, முடியை எண்ணணும்" என்று லென்ஸைக் கையில் கொடுத்தாள். தோளுக்கும் இறக்கை அடிக்கும் நடுவில், பச்சை ஈ வகைக்கு இரண்டு தடித்த முடி, சதை ஈக்குப் பெரும்பாலும் நான்கு. எனக்கு அதைப் பார்க்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் பார்த்ததும் சொன்னாள்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இறந்த உடலில் இருக்கும் புழுவின் வயதை வைத்து, இறந்து எத்தனை நாள் ஆனது என்று தடய அறிவியலில் கணிக்கிறார்கள். பச்சை ஈ முட்டையிடும், அது பொரிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். சதை ஈ நேராகப் புழுவையே போடும். ஈயை மாற்றிச் சொன்னால் நேரக் கணக்கே தப்பாகிவிடும். பச்சை ஈயில் ஒரு வகையின் புழுவைக் கிருமியில்லாமல் வளர்த்து, ஆறாத புண்ணைச் சுத்தம் செய்யவும் பயன்படுத்துகிறார்கள்.

ஈயை மட்டும் பார்க்கும் வேலை நம் நாட்டில் ரொம்பக் குறைவு. அதனால் அடித்தளத்தை அகலமாகப் போட வேண்டும். பக்கத்திலேயே அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேருங்கள், கட்டணம் கையைக் கடிக்காது. அப்புறம் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி மையம் இருக்கிறது, நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்கிற இடம், வி.சி.ஆர்.சி. என்பார்கள். அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் இரண்டு வருஷ எம்.எஸ்சி. இருக்கிறது. கொசு, டெங்கு, மலேரியா, யானைக்கால் எல்லாம் அதில் வரும். சுகாதாரத் துறையிலும் ஆராய்ச்சித் திட்டங்களிலும் பூச்சியியலாளர் தேவைப்படுகிறார்கள். தடய அறிவியல்தான் வேண்டுமென்றால் காந்திநகரில் அதற்கென்றே தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை மூன்று வருஷம் கழித்து அவளே முடிவு செய்யட்டும்.

அம்மானிடம் பேசத் தயக்கமாக இருந்தால் நானே பேசுகிறேன். விண்ணப்பம் போடும் முன் அவளை ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள், தீப்பெட்டியோடு. அந்த மூன்றாவது ஈயை எந்த வகை என்று முடிவு செய்வதற்குள் உங்களுக்குப் பஸ் வந்துவிட்டது.