லேசர் பட்டதும் காந்தம் எங்கே போகிறது? – கேள்வி பதில்

மிகக் குறுகிய லேசர் துடிப்பு பட்டால் மெல்லிய காந்த உலோகப் படலம் கண்ணிமைப்பதற்கும் பல கோடி மடங்கு முன்னரே வலுவிழப்பதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நான் சில வருஷம் ஆராய்ச்சி செய்த விஷயம் இது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன.

ஆரையம்பதி மாணவி: மிஸ், "மிகக் குறுகிய" என்றால் எவ்வளவு? அதை எந்த மணிக்கூட்டால் அளப்பது?

நல்ல கேள்வி, தங்கச்சி. ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் பெம்டோ செக்கன். 100 பெம்டோ செக்கனில் ஒளி போகும் தூரம் 30 மைக்ரோமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பைக்கூடத் தாண்டாது. இதையே மணிக்கூடாக்கினார்கள். முதல் துடிப்பு காந்தத்தை அடிக்கும். வலுக்குறைந்த இரண்டாவது துடிப்பு பின்னால் வந்து பார்க்கும். இரண்டாவது போகிற வழியில் ஒரு கண்ணாடியை 15 மைக்ரோமீற்றர் பின்னுக்குத் தள்ளினால், போக வர 30 கூடும். 100 பெம்டோ செக்கன் பிந்திவிடும். காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவுத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், கொஞ்சம் திரும்பும். 1877இல் ஜோன் கெர் என்ற பௌதிகவியலாளர் கண்ட விளைவு அது. எவ்வளவு திரும்பியது என்பதை வைத்து எவ்வளவு காந்தம் மிச்சம் என்று சொல்லலாம்.

ஏறாவூர்: லேசர் பேனாவால் ஏடிஎம் அட்டையை அழிக்கலாமா?

முடியாது. பேனாவைக் கண்ணுக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள்.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மகள், சூடாக்கினால் காந்தம் போகும் என்று நாற்பது வருஷம் படிப்பித்தேன். நிக்கலின் காந்தம் போகும் கியூரி வெப்பநிலை ஏறக்குறைய 354 பாகை செல்சியஸ். லேசர் சூடாக்குகிறது, காந்தம் போகிறது. இதில் என்ன புதுமை?

சேர், நீங்கள் படிப்பித்தது சரி. ஆனால் "சூடு" என்ற சொல் இங்கே போதாது. கோயில் திருவிழாவில் கச்சான் வறுப்பதைப் பாருங்கள். மணல் கொதிக்கும், உள்ளே பருப்பு இன்னும் பச்சையாக இருக்கும். உலோகத்தில் லேசரின் சக்தியை முதலில் வாங்குவது இலத்திரன்கள், அவைதான் மணல். அணுக்கள் நிற்கும் சாலகம் பருப்பு. அதற்குச் சூடு போய்ச் சேரச் சில பிக்கோ செக்கன், அதாவது சில ஆயிரம் பெம்டோ செக்கன் வேண்டும். காந்தம் அதுவரை காத்திருக்கவில்லை. 1996இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கில் போர்பேரும் பிகோவும் கூட்டாளிகளும் நிக்கல் படலத்தில் 60 பெம்டோ செக்கன் துடிப்பை அடித்தபோது, முதல் பிக்கோ செக்கனுக்குள்ளேயே காந்தம் விழுந்தது. இலத்திரன்களைச் சின்னக் காந்தங்களாக்கும் தற்சுழற்சிகள் சாலகத்தோடு ஒத்துப்போக நூறு பிக்கோ செக்கன் அளவு ஆகும் என்ற எண்ணத்தை இது உலுப்பிவிட்டது. அதனால் இலத்திரன், தற்சுழற்சி, சாலகம் என்று மூன்று வெப்பநிலைகளை வைத்து எழுதத் தொடங்கினார்கள்.

ஆனால் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது வெப்பம் இல்லை, கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு. காந்தத்தின் பெரும்பகுதி இலத்திரன் தற்சுழற்சியின் கோண உந்தம்தான். சக்தி லேசரிலிருந்து வந்தது, சரி. கோண உந்தம் எங்கே போனது? அது அழியாது, இன்னொன்றிடம் கைமாறத்தான் வேண்டும்.

கல்முனை: அப்ப ஒளியே அதை எடுத்துக்கொண்டு போகலாமே?

போதாது. உறிஞ்சப்படும் போட்டன்களின், அதாவது ஒளித் துணுக்குகளின், எண்ணிக்கை அந்தக் கணக்குக்குக் காணாது. கோண உந்தம் சுமக்கும் வட்ட முனைவுள்ள ஒளியால் அடித்தாலும் அது இல்லாத நேர்முனைவுள்ள ஒளியால் அடித்தாலும் நிக்கலின் காந்தம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் விழும்.

வாழைச்சேனை, பல்கலைக்கழக மாணவன்: அக்கா, இலத்திரன்கள் தற்சுழற்சியையும் கொண்டு பக்கத்துப் படலத்துக்கு ஓடிவிடுகின்றன என்று படித்தேன். சாலகம் தேவையே இல்லை.

தம்பி, 2010இல் பற்றியாத்தோவும் ஒப்பனீரும் கூட்டாளிகளும் சொன்னது அது. ஓட்டம் உண்மை, பக்கத்தில் உலோகம் இருந்தால் அதற்கும் பங்குண்டு. ஆனால் ஓட இடமில்லாத, மின் கடத்தாத காப்புத் தளத்தில் வைத்த மெல்லிய நிக்கலிலும் காந்தம் விழுகிறதே? அங்கே கோண உந்தத்தைச் சாலகம்தான் வாங்கியிருக்க வேண்டும்.

களுவாஞ்சிகுடி ஆசிரியர், மறுபடி: தம்பி சொல்வதை இலேசாகத் தள்ளாதே, மகள். சாலகம் வாங்கியதை யார் கண்டது?

தள்ளவில்லை, சேர். கண்டிருக்கிறார்கள். 2022இல் நிக்கலில் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தபோது, சில நூறு பெம்டோ செக்கனுக்குள் அணுக்கள் வட்டமாக அதிரத் தொடங்கியிருந்தன. வட்ட அதிர்வு என்றால் அது கோண உந்தத்தைச் சுமக்கிறது. ஓட்டமா சாலகமா என்று ஒன்றை மட்டும் தெரிவுசெய்யச் சொன்னால், தனி நிக்கல் படலத்துக்கு நான் சாலகத்தின் பக்கம்தான்.

காத்தான்குடி: லேசரால் வங்கி அட்டை, மெமரி கார்ட் அழியுமா?

மேலே ஏறாவூருக்குச் சொல்லியிருக்கிறேன். மெமரி கார்டில் காந்தமே இல்லை.

அக்கரைப்பற்று: இதே துடிப்பால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதலாமா?

எல்லாக் காந்தத்திலும் முடியாது. கடோலினியம், இரும்பு, கோபால்ற்று கலந்த உலோகத்தில் 2007இல் நெதர்லாந்தின் நைமேகனில் 40 பெம்டோ செக்கன் துடிப்பால் காந்தத் திசையையே புரட்டினார்கள். பிறகு 2012இல் வெறும் வெப்பத் துடிப்பே அதற்குப் போதும் என்று தெரிந்தது.

திருக்கோவில்: வீட்டில் செய்து பார்க்க ஏதும் வழி?

இல்லை, தயவுசெய்து முயலாதீர்கள். 1 மில்லியூல் சக்தியை 50 பெம்டோ செக்கனில் அடக்கினால் உச்ச வலு 20 கிகாவாற்று. வழக்கமான 800 நானோமீற்றர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததால் கண் மூடாது, விழித்திரை எரிந்துவிடும். கண்ணைப் பற்றி மூன்று தரமல்ல, முப்பது தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஓட்டமாவடி: ஏடிஎம் அட்டை...

அடுத்த கேள்வி.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்: கடைசியாக ஒன்று. சாலகம் கோண உந்தத்தை வாங்கினால் படலம் திரும்ப வேண்டுமே? நூலில் தொங்கவிட்ட இரும்பு உருளை திரும்புவதை ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் 1915இல் காட்டினார்களே?

சேர், இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன். திரும்பத்தான் வேண்டும். ஆனால் தளத்தோடு ஒட்டிய படலம் உருளை போல முழுதாகச் சுழலாது. 2019இல் இரும்புப் படலத்தை அடித்து எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். காந்தம் விழுந்த கையோடு படலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு குறுக்கு அலை உள்ளே போனது. அணு அடுக்குகள் பக்கவாட்டில் நகர்ந்தன. தற்சுழற்சி இழந்ததில் ஏறக்குறைய 80 வீதம் ஒரு பிக்கோ செக்கனுக்குள் சாலகத்துக்குப் போயிருக்கிறது என்று கணித்தார்கள். நீங்கள் படிப்பித்த அதே 1915ஆம் ஆண்டு விளைவுதான், சேர், பெம்டோ செக்கன் கணக்கில்.