கோழிக்குப் பின்பக்கம் சதை வெளியே தள்ளிவிட்டால் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கோழியைப் பிடித்துத் தனியாக அடையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

முட்டையிட்டுக்கொண்டிருந்த பிவி 380 என்ற முட்டையினக் கோழிக்குக் காலையிலிருந்து எச்சத்துவாரத்தில் எலுமிச்சை அளவுக்குச் சிவப்பாகச் சதை தொங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் டாக்டர் கிடைக்கவில்லை, வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா, கோழி பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சதை ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்து, கிழியாமல் இருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் கூட்டத்தோடு விட்டுவைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். கோழிகளுக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். ஒன்று கொத்தி ரத்தம் வந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொண்டு குடலையே வெளியே இழுத்துவிடும். இப்படிச் சதை வெளியே வந்து, அதாவது அடி தள்ளிச் சாகும் கோழிகளில் பல, தள்ளியதால் சாவதில்லை, கொத்துப்பட்டுத்தான் சாகின்றன.

என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் கை பயப்படாது. கோழிக்கு எச்சமும் முட்டையும் ஒரே வாசல் வழியாகத்தான் வரும். முட்டையிடும்போது முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி முட்டையைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் வெளியே பிதுங்கும். முட்டைமீது எச்சம் படாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. முட்டை விழுந்ததும் தானாகவே உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் தற்செயலாகப் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். முட்டையிட்டு வெகுநேரம் ஆகியும் உள்ளே போகாமல், கோழி வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டே இருந்தால்தான் அது கோளாறு. இது தொற்றுநோய் அல்ல, மற்றக் கோழிகளுக்குப் பரவாது.

வீட்டு வைத்தியத்தில் இறங்கும் முன் வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பாருங்கள். சதை கறுத்தோ, காய்ந்து தோல்போல ஆகியோ, நாற்றமடித்தோ, கிழிந்தோ இருந்தால் கை வைக்காதீர்கள். வழவழப்பான மெல்லிய குழாய் சுருள் சுருளாகத் தெரிந்தால் அது குடல். அதுவும் உங்கள் வேலை அல்ல. 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்குப் பேசிப் பாருங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கோழிக்கெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று தயங்காதீர்கள், பார்ப்பார்கள்.

சதை நன்றாக இருக்கிறதென்றால் தொடங்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு. அதற்கு மேல் வேண்டாம், எரியும். கோழியைப் பழைய துண்டில் சுற்றி, தலை உங்கள் அக்குளுக்குள் போகிற மாதிரி, பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இடுக்கிக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கோழி மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சுவிட முடியும், இறுக்கினால் கையிலேயே போய்விடும். கூட ஒருவர் இருந்தால் நல்லது.

பின்பக்கத்து இறகெல்லாம் வெள்ளை எச்சமும் ரத்தமுமாகக் காய்ந்து, சதையோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்காதீர்கள். ஒரு டப்பில் அந்த உப்புத் தண்ணீரை ஊற்றிப் பின்பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் நனையவிட்டால் தானாக இளகி வந்துவிடும். தூசி, உமி எதுவும் சதையில் இல்லாமல் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம். பிறகு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உள்ளே கெட்டியாக உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால் முட்டை சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். முட்டை கண்ணுக்குத் தெரிந்தால் சுற்றிலும் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, மெல்ல நகர்த்தி எடுக்கலாம். உடைத்து எடுக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள், ஓடு உள்ளே கத்திபோலக் கீறிவிடும். நகரவில்லை என்றால் அதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

சதை வீங்கியிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகாது. அங்கேதான் பலர் பலத்தைக் காட்டிக் கிழித்துவிடுகிறார்கள். அதற்கு நம் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது: சர்க்கரை. சாதாரண வெள்ளைச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, சதைமீது கனமாகப் பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். நல்ல தேன் இருந்தால் அதுவும் சரி. வீக்கத்தில் தேங்கியிருக்கும் நீரைச் சர்க்கரை உறிஞ்சி இழுக்கும், சொட்டுச் சொட்டாக வடிவது கண்ணுக்கே தெரியும். பளபளவென்று விம்மியிருந்த சதை சுருங்கிச் சுருக்கம் விழ ஆரம்பிக்கும். பிறகு உப்புத் தண்ணீரால் சர்க்கரையைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். மிச்சம் இருந்தால் இரவில் எறும்பு மொய்த்து அதுவே பெரிய கொடுமையாகிவிடும்.

இப்போது விரலில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தாராளமாகத் தடவிக்கொண்டு, சதையின் நடுவில் வைத்து உள்நோக்கி மெதுவாக அழுத்துங்கள். கோழி முக்கும்போது நிறுத்துங்கள், தளர்த்தும்போது அழுத்துங்கள். முழுவதும் உள்ளே போனதும் ஈரத் துணியை மடித்து எச்சத்துவாரத்தின்மேல் வைத்துச் சில நிமிடம் பிடித்திருங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளியே வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள், முதல் நாளில் அப்படி வருவது வழக்கம்தான். கழுவி, சர்க்கரை போட்டு, திரும்பவும் உள்ளே தள்ளுங்கள். இரண்டாம் நாளும் நிற்கவில்லை என்றால் தையல் வேண்டும். எச்சம் போக வழி விட்டுச் சுற்றிச் சுருக்குத் தையல் போடுவார்கள், சில நாளில் பிரித்துவிடுவார்கள். அதை வீட்டு ஊசி நூலால் செய்யக் கூடாது.

இதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது பாதி வேலைதான். நாளை மறுபடி முட்டை வந்தால் இன்று செய்ததெல்லாம் வீண். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும், அதில் 20 மணி நேரம் ஓடு பூசுவதற்கே போகும். அதனால் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கும் முட்டையைத் தடுக்க முடியாது, அது வந்தே தீரும். அதற்கடுத்ததைத் தள்ளிப்போடலாம். கோழியை முட்டையிடத் தூண்டுவது வெளிச்சம். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டால் சில நாளில் முட்டை நின்றுவிடும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியோ பஞ்சாரமோ போதும். கறுப்புத் துணியால் மூடி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்துவிடுங்கள். கீழே உமி, மரத்தூள் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். சுத்தமான துணி விரித்துத் தினமும் மாற்றுங்கள். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் மேலே கொசுவலைத் துணி கட்டாயம்.

தீனியில் முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தை நிறுத்திக் கொஞ்சம் கம்பு, உடைத்த சோளம், கீரை மட்டும் கொடுங்கள், அதுவும் வழக்கத்தில் பாதி. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், எப்போதும் இருக்க வேண்டும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாள் இப்படி இருந்தால் தசை இறுகப் போதுமான ஓய்வு கிடைக்கும். கூட்டத்தில் திரும்ப விடும்போது பின்பக்கத்தில் சிவப்பு கொஞ்சமும் தெரியக் கூடாது, முதல் நாள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

சில பொருள்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் தூளை அப்படியே அப்பாதீர்கள், ஈரத்தை உறிஞ்சிக் காய்ந்து சதையோடு பொருக்குத் தட்டிவிடும். வேப்பெண்ணெய் எரிச்சல் தரும். மூல நோய்க்கான மனித ஆயின்மென்ட் பூசலாம் என்று சொல்வார்கள். அவற்றில் பலவற்றில் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்திருக்கிறது, பறவைக்கு அது ஆபத்து. வீட்டில் மிச்சமிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றதால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், கோழிக்கும் அது நஞ்சுதான். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். கொடுத்தால் எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் வந்தது என்பதையும் பாருங்கள், மற்றக் கோழிகள் இருக்கின்றனவே. வளர்த்தி போதாத வெடக்கோழி, அதாவது இன்னும் முட்டையிடாத இளங்கோழி, அவசரமாக முட்டைக்கு வந்தால் வரும். மிஞ்சிய சோறும் அரிசியுமாகத் தின்று கொழுப்பு வைத்த கோழிக்கு வரும். இரட்டைக் கரு முட்டை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, நாள்பட்ட கழிச்சல் இதெல்லாம் காரணம். ஓடு இல்லாத தோல்முட்டை வந்துகொண்டிருந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கூண்டில் இரவு முழுக்க பல்பு எரிகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 11 மணி நேரத்திலிருந்து 13 மணி நேரத்துக்குள்தான். பண்ணைகளில் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பது கணக்குப் பார்த்த தீவனத்தோடு சேர்ந்த ஏற்பாடு. வீட்டில் நான்கு கோழி வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை, அணைத்துவிடுங்கள்.

ஒருமுறை தள்ளிய கோழிக்குத் திரும்ப வரலாம். அதனால் அது மறுபடி முட்டைக்கு வந்த பிறகு முதல் சில வாரம் தினமும் பின்பக்கத்தைப் பாருங்கள். அதன் முட்டையைச் சாப்பிடலாம், ஆனால் அடைக்கு வைக்க மாட்டேன். எத்தனை முறை உள்ளே விட்டாலும் நிற்காமல், தீனி எடுக்காமல், கண்ணை மூடிக் கூனி உட்கார்ந்துவிட்டால், அதைப் பாடுபடுத்தாமல் டாக்டரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் முடித்துவிடச் சொல்வதே அதற்கு நாம் செய்யும் நல்லது. இன்று சர்க்கரை போட்டுப் பார்த்துவிட்டு, சதையின் நிறம் எப்படி இருக்கிறது, முக்குவது குறைந்ததா என்று எழுதுங்கள், இரவு வந்து பார்க்கிறேன்.