குஸ்கோவின் சுவர்களைக் கட்டியவர்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மச்சு பிச்சு போகும் வழியில் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் தங்கினோம். போய் இறங்கிய அன்றே பிற்பகலில் அரை நாள் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். கதீட்ரல், பழைய சூரியக் கோயிலான கொரிகாஞ்சா, பிறகு பஸ்ஸில் மலையேறி சக்ஸாய்வாமான் கோட்டை, கென்கோ, புகா புகாரா, தம்போமாச்சாய். திரும்பும் வழியில் அல்பகா கம்பளிக் கடை ஒன்றில் வெகுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். தலைவலியும் மூச்சிரைப்பும் வேறு.

சக்ஸாய்வாமானில் எங்கள் வழிகாட்டி, “இவ்வளவு பெரிய கற்களை மனிதரால் இப்படிப் பொருத்த முடியுமா? இன்காக்கள் கல்லை உருக்கி வார்த்தார்கள் என்கிறார்கள், வேற்றுக் கிரகத்தார் வந்து உதவினார்கள் என்றும் சொல்கிறார்கள். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்” என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். மறுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த அரை நாள் வீண்தானா?

உங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளுக்கான பதில். அந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் மனிதர்கள். ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காப் பேரரசின் பல மாகாணங்களிலிருந்து முறை வைத்து வந்த சாதாரண உழவர்களும், அவர்களுக்கு வழிகாட்டிய கல்தச்சர்களும் கட்டினார்கள்.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் குஸ்கோவுக்கு வந்த ஸ்பானியக் குறிப்பாளர் சியேசா தெ லெயோன், சக்ஸாய்வாமானைக் கட்டியது பற்றி அங்கிருந்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். 20,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் 4,000 பேர் கல் வெட்டினார்கள், 6,000 பேர் தோலிலும் நாரிலும் திரித்த வடங்களைக் கட்டி இழுத்தார்கள், மற்றவர்கள் அடித்தளம் தோண்டினார்கள், மரம் வெட்டினார்கள். ஒரே ஆட்களை எப்போதும் வாட்டவில்லை, ஒரு கூட்டம் ஊர் திரும்பினால் அடுத்த கூட்டம் வந்தது என்றும் சொல்கிறார். அந்த எண்களைத் தோராயக் கணக்கு என்று வைத்துக்கொண்டாலும், வேலை எப்படிப் பிரிந்து நடந்தது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது.

அடுத்த சாட்சி கல்லிலேயே இருக்கிறது. 1980களில் ழான்-பியேர் ப்ரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் குஸ்கோவுக்குத் தென்கிழக்கே 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ருமிகோல்கா கல்குவாரியை ஆராய்ந்தார். பாதி கொத்திய கற்கள் அங்கே கிடந்தன. கூடவே அந்தக் குவாரியைச் சேராத உருண்டைக் கற்களும் கிடந்தன. ஆற்றுப்படுகையிலிருந்து கொண்டுவந்த, மிகக் கடினமான கற்கள். அவைதான் சம்மட்டிகள். இன்காக்களிடம் இரும்பு இல்லை. ப்ரோட்சன் அப்படியொரு உருண்டைக் கல்லை இரு கைகளாலும் பிடித்து, உலக்கை போடுவதுபோல அதன் எடையிலேயே விழவிட்டு, ஒரு பாறைத்துண்டைக் கொத்திப் பார்த்தார். மூன்று பக்கங்களைச் சமன்படுத்தி விளிம்பு எடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

சக்ஸாய்வாமானில் எடுத்த புகைப்படங்கள் இருந்தால் மகளை உட்கார வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெருஞ்சுவர்கள் வடக்கு நோக்கி நிற்பவை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே சூரியன் பெரும்பாலும் வடக்கில் சாய்ந்தே போகிறது. ஆகவே பிற்பகலில் வெயில் சுவரின் மேல் பக்கவாட்டில் விழும். அந்த ஒளியில் கல்லின் முகம் முழுக்கச் சிறு சிறு குழிகள் தெரியும். நடுவில் பெரிய குழிகள். கல்லும் கல்லும் சேரும் மூட்டுக்குக் கிட்டே போகப் போகக் குழிகள் சிறுத்து நெருங்குகின்றன. விளிம்பு உடைந்துவிடக் கூடாதே என்று அங்கே சிறிய கல்லை எடுத்து மெல்ல அடித்திருக்கிறார்கள். வார்த்தெடுத்த பொருளில் இந்தத் தழும்பு எப்படி வரும்? அந்தப் பெருங்கற்கள் சுண்ணாம்புக்கற்கள் வேறு. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் போட்டால் உருகுமா? நீறிப்போய்விடும். இது பிளஸ் டூ வேதியியலிலேயே இருக்கிறது.

இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. இந்தப் பேச்சு புதியதல்ல. 1539இல் குஸ்கோவில் இன்கா குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகாகூட, அந்தக் கோட்டையைப் பார்ப்பவர்களுக்கு அது மனிதர் செய்ததாகத் தோன்றாது, பேய்கள் செய்த மாயம் என்றே தோன்றும் என எழுதினார். அவர் வியப்பில் எழுதினார். இன்று பேயின் இடத்தில் வேற்றுக் கிரகத்தாரை வைத்து அதை வரலாறாகவே விற்கிறார்கள். அந்தக் கற்களைக் கொத்தியவர்களின் வாரிசுகள் அதே நகரில் கெச்சுவா பேசிக்கொண்டு, நுழைவாயிலில் சோளம் விற்றுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காதுபடவே அவர்களுடைய முன்னோரின் உழைப்பை மறுப்பது கொடுமை. ஒன்றையும் மிகைப்படுத்தாமல் அருமையாக விளக்கும் வழிகாட்டிகள் குஸ்கோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு வாய்த்தவர் அப்படி இல்லாமல் போனது வருத்தம்தான்.

அரை நாள் வீண் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் போன வரிசையிலேயே ஒரு கதை இருக்கிறது. ஸ்பானியர் பிடித்துக்கொண்ட நகரை 1536இல் இன்கா மன்னர் மாங்கோ முற்றுகையிட்டபோது சக்ஸாய்வாமானில்தான் கடும் சண்டை நடந்தது. ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவின் தம்பி ஹுவான் அங்கே அடிபட்டு இறந்தார். பிறகு ஸ்பானியர்கள் தூக்க முடிந்த கற்களையெல்லாம் கீழே கொண்டுபோய் வீடுகளும் கோயில்களும் கட்டிக்கொண்டார்கள். கதீட்ரலிலும் அந்தக் கற்கள் இருக்கின்றன. மேலே நீங்கள் பார்த்தது, அவர்களால் அசைக்க முடியாமல் விட்டுப்போன மிச்சம்.

கொரிகாஞ்சாவில் அவசரப்பட்டிருந்தால் அதுதான் உண்மையான இழப்பு. சூரியக் கோயிலின் மேல் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே 21 நிலநடுக்கத்தில் மடம் பெருஞ்சேதம் அடைந்தது. அதன் அடியிலிருந்த இன்காச் சுவர்கள் நின்றன. உள்நோக்கிச் சற்றே சாய்ந்த சுவர், மேலே குறுகும் வாசல், சாந்து இல்லாமல் கல்லோடு கல் பூட்டிய மூட்டு எல்லாமே அதற்குக் காரணம். பழுதுபார்க்கும்போதுதான் பூச்சுக்குள் மறைந்திருந்த இன்கா அறைகள் பல வெளிச்சத்துக்கு வந்தன. புகா புகாராவைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், இங்கே ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும்.

இனிப் போகிற நண்பர்களுக்குச் சொல்லுங்கள். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுற்றுலா அதற்கும் மேலே 3,700 மீட்டரைத் தாண்டிப் போகிறது. உங்களுக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தது அந்த உயரத்தால்தான் இருக்கும். இறங்கிய அன்றே போகக் கூடாது. ஒரு நாள் கோகா இலைத் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்து, மறுநாள் காலையில் ஹாதுன் ருமியோக் தெருவில் பன்னிரண்டு கோணக் கல்லைத் தனியே பார்த்துவிட்டு, பிற்பகலில் சுற்றுலாவில் சேரட்டும். மலை மேலுள்ள நான்கு இடங்களுக்கும் ஒரே சுற்றுலா டிக்கெட் போதும், கதீட்ரலுக்கும் கொரிகாஞ்சாவுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். பணம் கட்டும் முன் கம்பளிக் கடை உண்டா என்று கேட்டு, அந்த நேரத்தைக் கொரிகாஞ்சாவுக்குக் கொடுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

உங்கள் மகள் அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்